ஸ்கலினோ, ஜூனியர், 1750, 2000: பழைய ஆல்ஃபா ஜிடியில் எதை வாங்குவது?

மிலானில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வருஷம் வந்து, "பழைய ஆல்ஃபா ஜிடி ஒன்று வாங்கப் போகிறேன், கார் பார்க்க நீயும் கூட வரணும்" என்றார். "எந்த ஜிடி?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. 1963-இலிருந்து 1976 வரை ஆல்ஃபா ரோமியோ செய்த அந்த இரண்டு கதவு கூப்பே எல்லாமே அவர் கண்ணுக்கு ஒரே கார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதே கூரை, அதே ஜன்னல், பின்பக்கம் இறங்கும் அதே சரிவு. ஆனால் உள்ளே உட்கார்ந்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டினால் அவை வேறு வேறு கார்கள். தப்பானதை வாங்கிவிட்டு இரண்டே வருஷத்தில் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஆறேழு மாதத்தில் நாங்கள் பார்த்தது, ஓட்டியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பேசி முடித்துக்கொண்டோம். அதைப் பேசாமல் ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோமோ ஏரிப் பக்கம் ஒரு சுற்று, கோடையில் ஒருமுறையாவது ஸ்டெல்வியோ கணவாய், முடிந்தால் மனைவியோடு டஸ்கனி வரை ஒரு நீண்ட பயணம். கண்காட்சியில் நிறுத்திப் பரிசு வாங்கும் ஆசை இல்லை, பந்தய ஆசையும் இல்லை. அதாவது கிரான் டுரிஸ்மோ என்ற சொல்லுக்கு இத்தாலிக்காரர்கள் என்ன அர்த்தம் வைத்திருந்தார்களோ அதே வேலைக்குத்தான் அவருக்குக் கார் வேண்டும்: இரண்டு பேர், கொஞ்சம் பெட்டி படுக்கை, நீண்ட தூரம், நல்ல வேகம், இறங்கும்போது முதுகு வலிக்கக் கூடாது.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வேலைக்கு 1750 ஜிடிவி (பெயரில் வரும் எண் தோராயமாக என்ஜினின் சிசி அளவு, கடைசி 'வி' வெலோச்சே, அதாவது வேகமானது). அது நல்ல நிலையில் கிடைக்கவில்லை என்றால், அடித்தகடு சுத்தமாக இருக்கும் ஒரு 1300 ஜூனியர். ஏன் என்பதுதான் இனி வரும் கதை.

இந்தக் குடும்பத்துக்குத் தொழிற்சாலைக்குள் 105 என்று எண். 1962-இல் வந்த ஜூலியா என்ற நாலு கதவு காரின் அடித்தளத்தை எடுத்து, வீல்பேஸை, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை, 2510 மில்லிமீட்டரிலிருந்து 2350-க்குக் குறைத்து, அதன்மேல் பெர்டோனே நிறுவனம் வரைந்த உடலைப் போட்டார்கள். வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜூஜாரோ. 1938-இல் பிறந்தவர், கார் 1963 செப்டம்பரில் வெளியே வந்தபோது இருபத்தைந்து வயதுதான். பின்னாளில் முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை வரைந்தவரும் இவரே. மிலான் நகருக்குள் இருந்த போர்டெல்லோ ஆலையில் இடம் போதாமல் ஊருக்கு வெளியே அரேசேயில் புது ஆலை கட்டியிருந்தார்கள். ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி என்ற முதல் மாடல் அங்கேதான் உற்பத்தி ஆனது.

எல்லா மாடலுக்கும் பொதுவான விஷயங்களைத் தெரிந்துகொண்டால் வித்தியாசங்கள் எளிதில் புரியும். முழுக்க அலுமினியத்தில் வார்த்த நாலு சிலிண்டர் என்ஜின், தலையில் இரண்டு கேம்ஷாஃப்ட், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 1963-இல் நடுத்தர விலைக் காரில் இதெல்லாம் பெரிய விஷயம், நாலு கியரும் டிரம் பிரேக்குமாக ஓடிக்கொண்டிருந்த கார்கள்தான் அப்போது தெருவில் அதிகம். பின்பக்கம் மட்டும் பழைய மாதிரி ஒரே துண்டு ஆக்சில். ஆனால் கீழே இரண்டு நீளக் கைகள், மேலே டி வடிவத்தில் ஒரு கை என்று பிடித்து, காயில் ஸ்பிரிங் போட்டு அதை அவ்வளவு ஒழுங்காக அடக்கி வைத்திருக்கிறார்கள். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை கட்டியிருப்பது தெரியும். அந்தப் பட்டை அறுந்து தொங்கும் காரைப் பார்த்தால், அந்தக் காரின் சொந்தக்காரர் பல வருஷமாக அடியில் எட்டிப் பார்க்கவே இல்லை என்று முடிவு செய்யலாம்.

சரி, முதல் மாடல். ஸ்பிரிண்ட் ஜிடியும் 1966-இல் அதன் இடத்தைப் பிடித்த ஸ்பிரிண்ட் ஜிடி வெலோச்சேயும். இவற்றின் பானட் முன்முனையில் மூக்குத் தகட்டோடு ஒட்டிப் படுக்காமல் சற்றே மேலே தூக்கி நிற்கும், நடுவில் ஒரு இடைவெளி. இத்தாலிக்காரர்கள் இதை ஸ்கலினோ என்பார்கள், சின்னப் படி என்று அர்த்தம். படத்தில் பார்க்கும்போது ஏதோ மூடாமல் விட்டது போலத் தோன்றும். நேரில் பார்த்தால் கதையே வேறு. நாங்கள் பார்த்த ஒரு வெள்ளைக் காரின் மூக்கில் மாலை வெயில் பட்டபோது அந்தப் படிக்குக் கீழே ஒரு மெல்லிய நிழற்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. நண்பர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே நடந்தார், எதுவும் பேசவில்லை. அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் இதுதான் முதலிடம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. வெலோச்சேயின் பின் தூணில் இருக்கும் வட்டமான நாலிலை முத்திரையையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் அழகு.

ஆனால் ஓட்டும்போது? 1570 சிசி, 106 குதிரைத்திறன், வெலோச்சேயில் 109. கார் எடை 950 கிலோ என்பதால் வேகத்துக்குக் குறைவில்லை, அந்தக் காலத்திலேயே மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. என்ஜின் சுற்றச் சுற்ற உற்சாகம் ஏறும். அதுவேதான் தொல்லையும். எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் காதுக்குள் ரீங்காரம் நிற்காது. சீட் ஆரம்ப மாடலில் மெலிது. தொடக்க வருஷக் கார்களில் டன்லப் பிரேக், அதன் பாகங்களைத் தேடுவது பின்னால் வந்த ஆடே பிரேக் பாகங்களைத் தேடுவதைவிடக் கஷ்டம். அப்புறம் விலை. வெலோச்சே மொத்தமே 14,000 சொச்சம்தான் செய்தார்கள், அந்த அபூர்வத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இன்னொரு கார் இருந்து, இதை மாதம் இரண்டு முறை காலை நேரத்தில் மட்டும் எடுப்பேன் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கலினோ வாங்கலாம். டஸ்கனி போகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதே காரின் பந்தய வடிவமான ஜிடிஏ பற்றிக் கேட்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1965-இல் வந்தது. கடைசி எழுத்துக்கு அர்த்தம் எடை குறைக்கப்பட்டது என்பது, வெளித்தகடெல்லாம் அலுமினியக் கலவை, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், எடை 745 கிலோ. 1600 என்ஜினோடு 500 கார்கள் செய்தார்கள். கார்லோ கிட்டி தலைமையில் இருந்த அவுட்டோடெல்டா பந்தயப் பிரிவு இதைக் கொண்டுபோய் 1966-இலும் 1967-இலும் ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை ஆந்திரேயா தெ ஆதாமிச்சுக்கு வாங்கிக் கொடுத்தது. 1966-இல் அமெரிக்காவின் செப்ரிங்கில் நாலு மணி நேரப் பந்தயத்தில் ஜோஹென் ரிண்ட் ஜெயித்ததும் இதில்தான். என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான கார். ஆனால் இன்றைக்கு விலை எங்கேயோ போய்விட்டது, சாதாரணக் காரை ஜிடிஏ மாதிரி மாற்றி விற்பதும் நடக்கிறது, ஆவணமும் அடையாள எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறதா என்று பார்க்கவே ஒரு நிபுணர் வேண்டும். நீண்ட பயணத்துக்கு வேண்டிய சொகுசும் அதில் இல்லை. நம் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இனி 1300 ஜூனியர். இதைப் பேசும்போது பலர் குரலைத் தாழ்த்துவார்கள், ஏதோ காசில்லாதவன் வாங்கும் கார் என்பது போல. அது எனக்குப் பிடிக்காத விஷயம். 1966-இல் ஆல்ஃபா இதைக் கொண்டுவந்த காரணம் எளிமையானது: இத்தாலியில் சின்ன என்ஜினுக்கு வரி குறைவு, இளைஞர்களால் வாங்க முடியும். கிரில்லில் ஒரே ஒரு மெல்லிய பட்டை, உள்ளே அலங்காரம் குறைவு. குடும்பத்திலேயே அதிகம் விற்றது இதுதான். என்ஜின் 1290 சிசி, 89 குதிரைத்திறன். 1954-இல் ஜூலியெட்டா ஸ்பிரிண்டில் வந்த அதே அளவு: சிலிண்டர் துளையின் விட்டம் 74 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75. ஆல்ஃபாவைச் சாதாரண மனிதர்கள் வாங்கக்கூடிய காராக மாற்றிய என்ஜினின் நேர் வாரிசு இது.

89 என்ற எண்ணைப் பார்த்து நண்பர் முகம் சுளித்தார். ஓட்டிய பிறகு பேச்சு மாறியது. துளையும் ஸ்ட்ரோக்கும் கிட்டத்தட்ட சமம் என்பதால் இந்த என்ஜின் வழுக்கிக்கொண்டு சுற்றும், குடும்பத்திலேயே இனிமையான சத்தம் இதனுடையது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மலைப்பாதை இறக்கத்தில் முன்பக்கம் லேசாக இருக்கும். ஏற்றத்தில்தான் குறை தெரியும். ஸ்டெல்வியோவின் பிராட்டோ பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2757 மீட்டர். உயரம் போகப் போகக் கார்புரேட்டர் என்ஜினுக்கு மூச்சு வாங்கும், ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே மாட்டிக்கொள்வோம். இரண்டு பேரும் பெட்டிகளும் இருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். ஆரம்ப வருஷ ஜூனியர் சிலவற்றில் பெடலை அழுத்த உதவும் பிரேக் சர்வோ கிடையாது என்பதையும் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தினால் நிற்கும், ஆனால் நன்றாக அழுத்த வேண்டும்.

ஜூனியரில் இன்னொரு லாபம், ஸ்கலினோ மூக்கு இதில் 1970 வரை தொடர்ந்தது. அதாவது அந்த நிழற்கோடு வேண்டும், ஆனால் வெலோச்சே விலை கட்டுப்படி ஆகாது என்பவருக்கு வழி இருக்கிறது. 1972-இல், அதன்பின் வந்த படியில்லாத மழமழ மூக்கு உடலில் 1570 சிசி என்ஜினைப் போட்டு 1600 ஜூனியர் என்று ஒன்று வந்தது. நல்ல கார், குறையொன்றும் இல்லை, விலை சரியாக இருந்தால் வாங்கலாம். 1974-க்குப் பிறகு ஜூனியர்களும் 2000 மாடலின் உடலையும் உள்ளமைப்பையுமே பகிர்ந்துகொண்டன. சாகாட்டோ நிறுவனம் செய்த ஜூனியர் சாகாட்டோ முற்றிலும் வேறு உடல், வேறு சந்தை, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

இப்போது 1750 ஜிடிவி. 1968 தொடக்கத்தில் வெளிவந்தது. என்ஜின் உண்மையில் 1779 சிசி, ஆனால் பெயர் 1750. இதற்குக் காரணம் இருக்கிறது. 1929-இல் விட்டோரியோ யானோ வடிவமைத்த 6சி 1750 என்ற ஆல்ஃபாதான் அந்தக் கம்பெனியின் பெருமையின் உச்சம். 1930 மில்லே மில்யா பந்தயத்தை டாட்ஸியோ நூவோலாரி ஜெயித்தது அதில். அந்த வரிசையிலேயே கிரான் டுரிஸ்மோ என்ற பெயரில் ஒரு மாடல் இருந்தது. முப்பது நாற்பது வருஷம் கழித்து அந்த எண்ணைத் திரும்ப எடுத்து ஒரு காருக்கு வைக்கும்போது, சும்மா வைக்க மாட்டார்கள். வைத்தவர்கள் அந்தப் பெயருக்கு வேண்டிய வேலையையும் செய்திருக்கிறார்கள்.

என்ன செய்தார்கள்? துளையை 80 மில்லிமீட்டருக்கும் ஸ்ட்ரோக்கை 88.5-க்கும் கொண்டுபோனார்கள். குதிரைத்திறன் 120-க்குப் பக்கம், எண்ணளவில் பெரிய தாவல் இல்லை. மாறியது இழுவை. நம் ஊர் மெக்கானிக்குகள் புல்லிங் என்பார்களே, அது. கீழ் ஆர்பிஎம்மிலேயே தோளைப் பிடித்து முன்னால் தள்ளுவது போல இழுக்கும். ஏரிக்கரைச் சாலையில் மூன்றாவது கியரிலேயே வைத்து, வளைவில் மெதுவாகி, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்தால் போதும். 1570 சிசி ஸ்பிரிண்ட் ஜிடியில் அதே வளைவுக்கு இரண்டு முறை கியர் மாற்றியிருப்பேன். டயர் 15 அங்குலத்திலிருந்து 14-க்கு இறங்கி அகலமானது, வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பார் பின்பக்கமும் வந்தது. மூக்கில் படி போய் மழமழவென்று ஆனது, ஹெட்லைட் நாலானது. படி போனதில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் அந்த வருத்தம் மறந்துவிடும். கண் முன்னே குடை போட்ட இரண்டு பெரிய வட்ட மீட்டர்கள், மர வளையம் போட்ட ஸ்டீயரிங். சின்ன மீட்டர்கள் நடுக் கன்சோலில் ஓட்டுபவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். கியர் லீவர் நேரே நிற்காது, முன்னாலிருந்து கை இருக்கும் இடத்துக்கே சாய்ந்து வரும். ஸ்டீயரிங்கிலிருந்து கையைக் கீழே போட்டால் உருண்டை உள்ளங்கையில் வந்து விழும், தேட வேண்டியதில்லை. நண்பர் முதல்முறை உட்கார்ந்தபோது என்ஜினைக்கூடப் போடாமல் ஐந்து கியரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

1750-இலும் இரண்டு கட்டம் உண்டு. 1970 வரை வந்த முதல் கட்டத்தில் பிரேக், கிளட்ச் பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கும். பழகாதவருக்குக் கணுக்கால் வலிக்கும், பழகியவர் அதை விட மாட்டார். இடப்பக்க ஸ்டீயரிங் கார்களில் இரண்டாவது கட்டத்தில் இப்போதைய கார் மாதிரி மேலிருந்து தொங்கும் பெடல், பிரேக்குக்கு இரண்டு தனித்தனி சர்க்யூட். ஒன்று பழுதானாலும் இன்னொன்று நிறுத்தும். நீண்ட பயணம் போகிறவருக்கு நான் இரண்டாவது கட்டத்தைத்தான் சொல்வேன். நண்பருக்கும் அதையே சொன்னேன், இதில் மட்டும் எங்களுக்குள் தகராறே வரவில்லை.

அமெரிக்காவுக்குப் போன 1750-களில் வெபர் கார்புரேட்டர் இல்லை. அங்கே புகை விதிகள் கடுமை என்பதால் ஸ்பிக்கா என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் போட்டார்கள். டீசல் என்ஜினில் இருப்பது மாதிரி ஒரு பம்ப். அப்படிப்பட்ட கார்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பி வருகின்றன, மழை குறைந்த மாநிலத்தில் கிடந்தவை துருவில்லாமலும் இருக்கும். சரியாக செட் செய்த ஸ்பிக்கா அருமையாக ஓடும். ஆனால் அதைச் சரியாக செட் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பலர் பொறுமையிழந்து கழற்றிவிட்டு வெபர் மாட்டியிருக்கிறார்கள்.

2000 ஜிடிவி 1971-இல் வந்தது. 1962 சிசி, 130-க்கு மேல் குதிரைத்திறன், மணிக்கு 195-க்குப் பக்கம். ஸ்ட்ரோக் 1750-இன் அதே 88.5, துளை மட்டும் 84-க்குப் போனது. காகிதத்தில் இதுதான் ஜெயிக்க வேண்டும். பலர் இதைத்தான் உச்சம் என்கிறார்கள், ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருக்கும் காராகக் கிடைத்தால் ஈரச் சாலையில் வளைவிலிருந்து வெளியே வரும் பிடிப்பே தனி. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் போட்டுவிட்டால் எல்லாவற்றிலும் மிக அமைதியாகப் போவதும் இதுதான். டஸ்கனி பயணம் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதாக இருந்தால் நான் 2000-க்குக் கை தூக்கியிருப்பேன்.

அப்படியானால் ஏன் 1750? ஒன்று, என்ஜினின் குணம். துளை பெரிதானதில் 2000-க்குப் பலம் கூடியது, ஆனால் மேலே சுற்றும்போது அந்த வழவழப்பு கொஞ்சம் குறைகிறது. 1300-இல் தொடங்கிய வட்டமான சுழற்சி 1750 வரை மிச்சம் இருக்கிறது. இரண்டு, உள்ளமைப்பு. 2000-இல் எல்லா மீட்டரையும் ஒரே கூட்டுக்குள் கண் முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். பார்க்க வசதிதான், ஆனால் அந்த இரண்டு குடைகள் தந்த களை போய்விட்டது. வெளியே கிரில்லில் படுக்கைவாட்டில் குரோம் பட்டைகளை அடுக்கி, நடுவில் இருந்த இதய வடிவத்தை அந்தப் பட்டைகளிலேயே புடைத்து எடுத்தார்கள், பின் விளக்கைப் பெரிதாக்கினார்கள். ஜூஜாரோ போட்ட கோட்டின் மேல் கொஞ்சம் அதிகமாக நகை போட்டது போல எனக்குப் படுகிறது. இது ரசனை, வேறு மாதிரி நினைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். மூன்று, எண்ணிக்கை: 1750 சுமார் 44,000, 2000 சுமார் 37,000. இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும், அதனால் அபூர்வம் என்று யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள்.

இந்த ஒப்பீடு எல்லாம் கார் நல்ல நிலையில் இருந்தால்தான். இந்தக் குடும்பத்தின் எதிரி துரு. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் பெர்கமோவுக்குப் பக்கத்தில் ஒரு விற்பனையாளரிடம் சிவப்பு 2000 ஒன்று பார்த்தோம். பெயின்ட் கண்ணாடி மாதிரி. குரோம் புத்தம் புதுசு. நண்பர் மனசுக்குள் வாங்கியே விட்டார், முகத்தில் தெரிந்தது. நான் கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றி வைத்திருந்தேன். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியில் வைத்தேன், பிடிக்கவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தேன், பிடித்தது. மறுபடி தள்ளி, பிடிக்கவில்லை. தகடு போன இடத்தில் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரல் கணுவால் தட்டினால் டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் என்று கேட்டது. விற்பவரிடம் சொன்னபோது, "ஐம்பது வருஷக் கார், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றார். விலையில் மட்டும் ஐம்பது வருஷம் தெரியவில்லை. நண்பருக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

அந்தப் பெட்டிப் பகுதி இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம், இந்தக் காருக்குத் தனி சேஸ் கிடையாது. கதவுக்கடியில் மூன்று அடுக்குத் தகடாக ஓடும் அந்தப் பெட்டிதான் காரின் இடுப்பெலும்பு. வெளி அடுக்கு புதுசாக இருக்கும், நடு அடுக்கு தூளாகி இருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிக் கால் வைக்கும் பலகையைப் பாருங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அது உட்காரும் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள், தண்ணீர் தேங்குவது அங்கேதான். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே ஓடும் தகடு, முன் மட்கார்டின் கீழ்முனை, முன் கண்ணாடியின் அடி மூலைகள், இவையும். டிங்கரிங் செலவு என்ஜின் வேலைச் செலவைவிடப் பெரிது. அதனால்தான் ஓட்டைத் தகட்டில் நிற்கும் 2000-ஐவிடச் சுத்தமான ஜூனியர் எப்போதும் மேல் என்கிறேன்.

என்ஜினில் பார்க்க வேண்டியது கம்மி. பராமரித்தால் உழைக்கும். சிலிண்டர் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே எண்ணெய் போகும் வழிகளைச் சுற்றி ஆறு சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும், அவை காய்ந்து போனால் எண்ணெய் கூலன்ட்டில் கலக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே பால் காப்பி நிறத்தில் ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சூடான என்ஜினில் திறக்காதீர்கள், கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அப்புறம் இரண்டாவது கியர். எல்லா மாடலிலும் முதலில் தேய்வது அதன் சிங்க்ரோதான், கியர் உரசாமல் விழ உதவும் வளையம். குளிர்ந்த கியர்பாக்ஸில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு வேகமாக இறக்கிப் பாருங்கள், நற நற என்று பல்லைக் கடித்தால் தேய்ந்திருக்கிறது. சூடானபின் இது மறைந்துவிடும். வாங்கிய பிறகும் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியரை அவசரப்படுத்தாமல், நடுவில் நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு மறுபடி அழுத்திப் போட்டால் நீண்ட நாள் வரும்.

இந்த நேரத்தில் எங்கள் கையில் இரண்டு கார்கள் இருக்கின்றன. பிரேசியாவில் 1969 ஜூனியர், ஸ்கலினோ மூக்கு, அடித்தகடு எல்லா இடத்திலும் காந்தத்தைப் பிடித்தது, சீட் மட்டும் கிழிந்திருக்கிறது. பியாசென்சாவில் 1971-ஐச் சேர்ந்த 1750, இரண்டாவது கட்டம், சாம்பல் நிறம், படத்தில் நன்றாக இருக்கிறது, இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஜூனியர்காரர் இரண்டு வாரம் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், நல்ல மனிதர். நண்பர் மனசு அந்த நிழற்கோட்டில் நிற்கிறது, என் ஓட்டு 1750-க்கு. அது துருப் பிடித்திருந்தால் நானே முதல் ஆளாக பிரேசியா போகலாம் என்பேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பியாசென்சாவில் இருப்போம். நாங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கார் குளிர்ந்தபடியே இருக்கட்டும் என்று விற்பவரிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறோம்.